கணவாயில் நான் மட்டும்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு சகலை இருந்தானாம்.

கதைன்னா இப்படித்தான் தம்பி ஆரம்பிக்கணும். ராஜா இருந்தாராம், மந்திரி இருந்தாராம்னு சொல்றதெல்லாம் கேட்கிறதுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான். ராஜாவால கெட்டுப்போனவன் எவனையும் நான் பார்த்ததில்லை. சகலையால கெட்டுப்போனவனைப் பார்க்கணுமா? சித்தெ இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க. என்னைப் பாருங்க.

உட்காருங்க தம்பி, உட்காருங்க. இந்த வெயில்ல எங்கே ஏறப்போறீங்க? பொழுது சாயட்டும். வெள்ளியங்கிரிக்கு இதுதான் முதல் தடவைங்களா? பையைப் பார்த்தாலே தெரியுது. இத்தனை பெரிய பை எதுக்கு? மேலே போய்க் குடித்தனம் வைக்கப்போறீங்களா? ஏம்மிணி, இந்தத் தம்பிக்கு ஒரு டீ போடு. சர்க்கரை கம்மியாப் போடு, பட்டணத்துப் புள்ளை மாதிரி இருக்காரு.

நான் யாருன்னு இந்த அடிவாரத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க. மோட்டார் நஞ்சப்பன்னு சொன்னாப் போதும். பேரூர்ல மோட்டார் ரீவைண்டிங் கடை. ஆனா கடையை வெச்சு என்னை யாருக்கும் தெரியாது. மலையை வெச்சுத்தான் தெரியும். வருஷா வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு ஒரு வேன் நிறைய ஆளைக் கூட்டிட்டு வந்து, ஏழு மலையும் ஏத்தி, சாமியைக் காட்டி, பத்திரமா இறக்கிக் கொண்டுபோய் ஊட்ல விடுறவன். என் குழுவுல ஒருத்தன் பாதியில திரும்பினான்கிற பேச்சே கிடையாது. எப்படி? கட்டுப்பாடு. முதல் படியில கால் வெச்சாச்சுன்னா 'முடியல'ங்கிற வார்த்தை வாயில வரக்கூடாது. 'இன்னும் எவ்வளவு தூரம்'னு கேட்கக்கூடாது. தலைவலியா, கால்வலியா, வயித்தைப் பிரட்டுதா, 'நமச்சிவாய'ன்னு சொல்லிட்டு நடக்கணும். ஒருத்தன் முடியலன்னு உட்கார்ந்தா பக்கத்துல போறவனுக்கும் கால் கனக்கும். தொத்து வியாதி அது. மேலே போய்ச் சாமியைப் பார்த்துட்டா எல்லா வலியும் பறந்துடும். பறந்துடுதுங்க. நடுமலையில செத்த மாதிரி கிடந்தவன் உச்சியில கூத்தாடினதை இந்தக் கண்ணால பார்த்திருக்கேன்.

அந்த வேன் இப்ப வந்துடும். இன்னிக்குத்தான் ஏறுறாங்க. நான் முன்கூட்டியே பஸ்ஸுல வந்துட்டேன். என்னைக் கூப்பிடலைன்னு நினைச்சுக்காதீங்க. தலைவனைப் போய் யாராச்சும் கூப்பிடுவாங்களா? தலைவன் இருக்கிற இடத்துக்குத்தான் மத்தவங்க வரணும். வருவாங்க. இந்த வழியை விட்டா அவங்களுக்கு வேற வழி இல்லை.

சகலையைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன், இல்லை? குழந்தைவேல்னு பேரு. என் சம்சாரம் ருக்குமணியோட தங்கச்சி சுலோச்சனாவைக் கட்டினவன். பால் சொசைட்டியில வேலை. ஆளைப் பார்த்தா வாயில்லாப் பூச்சி. எது சொன்னாலும் 'சரிங்ணா'. இங்கே வாடான்னா 'சரிங்ணா'. அங்கே போடான்னா 'சரிங்ணா'. அந்தச் 'சரிங்ணா'வை மட்டும் நம்பவே கூடாது தம்பி. அதை வெச்சுத்தான் எங்க மாமியாரைக் கைக்குள்ள போட்டுக்கிட்டான். அவன் போனா, "சின்ன மாப்பிள்ளை வந்தாத்தான் ஊடே நெறைஞ்சாப்ல இருக்குது"ன்னு அந்தக் கிழவி சொல்லும். நான் போனா? "பெரிய மாப்பிள்ளை வந்திருக்காரு, கெணத்து மோட்டார் சத்தம் போடுது, சித்தெ பாக்கச் சொல்லு." இத்தனைக்கும் மூத்தவன் நான்.

சரி, அதை விடுங்க. போன வருஷம் இந்த மலை இறங்கினதும் எல்லாரும் திருமூர்த்தி பேக்கரியில உட்கார்ந்து தேங்காய் பன் தின்னுட்டு இருந்தோம். திருமூர்த்தின்னா நம்ம குழுவுல இருக்கிறவன், பேக்கரி வெச்சிருக்கான், வாய் கொஞ்சம் நீளம். அவன்தான் போன்ல ஒரு படத்தைக் காட்டினான். இமயமலை. லடாக் பக்கம். ஒரு பள்ளத்தாக்குல இருந்து இன்னொரு பள்ளத்தாக்குக்கு எட்டு நாள் நடந்தே போறாங்க, நடுவுல ரெண்டு கணவாய் தாண்டணும். கணவாய்ன்னதும் நான் சிரிச்சுட்டேன். நமக்குத் தெரிஞ்ச கணவாய் பாலக்காட்டுக் கணவாய். ரயில்ல ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கைக் கடிச்சுக்கிட்டே தாண்டுறோம். "இதென்னடா பெரிய விஷயம், நம்ம வெள்ளியங்கிரியை ரெண்டு தடவை ஏறினாப்ல"ன்னேன்.

அப்ப இந்தக் குழந்தைவேல் சொன்னான்: "அங்கெல்லாம் மூச்சு விடவே காத்து பத்தாதாமுங்ணா."

அந்த ஒரு வார்த்தைதான். அத்தனை பேர் முன்னாடி. 'உன்னால முடியாது'ன்னு என்னைச் சொல்றான், புரியுதுங்களா? வாயில்லாப் பூச்சி கடிக்கிறதே இப்படித்தான். "நீ வர்றே. உன்னையும் ஏத்திக் காட்டுறேன்"னேன். "சரிங்ணா"ன்னான்.

ஆடி மாசம் கிளம்பினோம். ஆடிப் பௌர்ணமி அன்னிக்குப் பெரிய கணவாயில நிக்கணும்னு நாள் குறிச்சது நான்தான். நம்ம வழக்கம் அது. பௌர்ணமிக்கு உச்சியில நிக்கணும். அங்கே ரோடு முடியிற ஊர்ல ரிக்சின்னு ஒரு வழிகாட்டி வந்து சேர்ந்தான். நம்மாளுக வாயில ரெண்டே நாள்ல போர்வெல் வண்டிப் பேர் மாதிரி 'ரிக்கு' ஆயிட்டான். சின்ன வயசு. கன்னம் ரெண்டும் வெயில்ல வெந்து கிடக்கும். அவனுக்குத் தெரிஞ்சது அவன் பாஷையும் இந்தியும். நம்ம கூட்டத்துல இந்தி தெரிஞ்ச ஒரே ஆள் நான். சூரத்துல தறி மோட்டார் சுத்தினவனாச்சே. அவன் சொல்றதை நான் வாங்கி இவங்களுக்குச் சொல்லணும், இவங்க சொல்றதை நான் அவனுக்குச் சொல்லணும். எல்லாம் என் வாய் வழியாத்தான்.

முதல் நாளே அவன் என்ன சொல்றான் தெரியுங்களா? இந்த ஊர்ல ரெண்டு நாள் சும்மா இருக்கணுமாம். சும்மா! உடம்பு பழகணுமாம். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ரயிலேறிப் போனது சும்மா உட்காரவா? ரெண்டு நாள் உட்கார்ந்தா பௌர்ணமி தப்பிடும். "இவங்கெல்லாம் மலையேறிப் பழகினவங்க, வெறுங்கால்ல ஏழு மலை ஏறுறவங்க, நீ நடையைக் கட்டு"ன்னேன். தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு கோவேறு கழுதைகளுக்குப் பாரம் ஏத்தினான். நம்மாளுக, "என்னங்ணா சொல்றான்?"னு கேட்டாங்க. "நல்ல சகுனமாம், இன்னிக்கே கிளம்பலாம்கிறான்"னேன். சொன்னா என்ன? தைரியமா நடக்கட்டுமே.

விடிஞ்சா குளியல். அதுவும் நம்ம வழக்கம், சாமி மலையில கால் வெக்கிறதுக்கு முன்னாடி தலை நனையணும். ஓடையில பனிக்கட்டி மிதக்குது. திருமூர்த்தி சொன்னான்: "ஏனுங்ணா, இதுல குளிச்சா சாமியைப் பாக்க மலையேறவே வேண்டியதில்லீங், நேராப் பக்கத்துலயே போய் உட்கார்ந்துக்கலாம்." எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. முதல்ல இறங்கினவன் நான். அப்புறம் எல்லாரும் இறங்கினாங்க. ரிக்கு ஓடி வந்து, பைத்தியமா நீங்கன்னு இந்தியில கத்துறான். "என்னங்ணா கத்துறான்?" "நம்ம பக்தியை மெச்சிக்கிறான்"னேன்.

சாயங்காலம் கூடாரம் போட்டதும் அந்த ரிக்குவுக்கு ஒரு பழக்கம். தன் தலையைத் தொட்டுக்காட்டி, யாருக்காச்சும் தலைவலி இருக்கா, சாப்பாடு இறங்குதா, தூக்கம் வருதான்னு கேட்பான். தினமும். ஒவ்வொருத்தராக் கேட்டுச் சொல்லுன்னு என்னைத் தொந்தரவு பண்ணுவான். நான் என்ன, ஆஸ்பத்திரி நர்ஸா? நம்மாளுகளை ஒரு பார்வை பார்ப்பேன். பார்த்தாலே தெரியாதா? "எல்லாரும் நல்லா இருக்காங்க"ன்னு இந்தியில சொல்லிடுவேன். அவங்களைப் போய்த் தலை வலிக்குதா, கால் வலிக்குதான்னு கேட்டா இல்லாத வலியும் வந்துடும். இத்தனை வருஷம் ஆளுகளை ஏத்தினவனுக்கு இது தெரியாதா?

முதல் கணவாயை எல்லாரும் தாண்டினோம். நமச்சிவாய, நமச்சிவாயன்னு ஒரே சத்தம். அன்னிக்கு இறங்கும்போது குழந்தைவேல் ஒரு பாறை மறைவுக்குப் போனான். நான் பின்னாடியே வந்துட்டு இருந்தேன். குனிஞ்சு வாந்தி எடுத்துட்டு இருந்தான். பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துட்டேன். ஒருத்தன் மானத்தைக் காப்பாத்துறதுன்னா அதுதான் தம்பி. வேற எந்தத் தலைவன் செய்வான்? அவனும் வாயைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பார்த்து, "சமையல் அடுப்பு மண்ணெண்ணெய் வாசம் ஒத்துக்கலீங்ணா"ன்னான். "நட"ன்னேன். "சரிங்ணா"ன்னான்.

மறுநாள்ல இருந்து அவன் ஆட்டம் ஆரம்பிச்சுது. சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு அப்படியே வெச்சுடுறது. கேட்டா சிரிக்கிறது. வலது கால் ஷூவை இடது கால்ல மாட்டிக்கிட்டு அதைப் பார்த்தும் சிரிக்கிறது. கயிறு கட்டத் தெரியலைங்கிறான். பால் கேனுக்கு ஆயிரம் முடிச்சுப் போட்டவனுக்கு ஷூ கயிறு கட்டத் தெரியாதாம்! நடக்கிறப்ப இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. எனக்குப் பொறி தட்டிடுச்சு. குடிச்சிருக்கான். கழுதைக்காரங்ககிட்ட எதையோ வாங்கி ஊத்திக்கிட்டிருக்கான். சாமி மலையில! கூப்பிட்டு நிறுத்தி, "ஊது"ன்னேன். ஊதினான். வாசம் வரலை. வாசம் வராத சரக்கு போல. அந்த ஊர்ல எது எதுவோ கிடைக்கும்.

திருமூர்த்தி மெதுவா வந்து, "அண்ணா, அவனுக்கு ஒடம்புக்கு ஆகலீங். ரிக்குகிட்டச் சொல்லுங்"ன்னான்.

"உனக்கு அவன் சொன்னானா, உடம்புக்கு ஆகலைன்னு?"

"அவன் எங்கீங் சொல்லுவான்?"

"அப்ப சும்மா நட."

விடிஞ்சா ஆடிப் பௌர்ணமி தம்பி. அன்னிக்கே பெரிய கணவாய். அங்கே வந்து இந்த வேஷம் போட்டா என்ன அர்த்தம்? என்னை அவமானப்படுத்தணும். 'நஞ்சப்பன் கூட்டிட்டுப் போனான், ஏத்த முடியலை'ன்னு ஊர் பேசணும். பேக்கரியில சொன்னானே ஒரு வார்த்தை, அதை நிஜமாக்கிக் காட்டணும். அவ்வளவுதான் அவன் கணக்கு.

விடியக்காலையில ஏற ஆரம்பிச்சோம். சரளைக்கல்லு. ஒரு அடி வெச்சா முக்கால் அடி சறுக்கும். அதுக்கு மேலே பனி. கணவாய் மேல கட்டியிருக்கிற கலர்த் துணிக்கொடி கண்ணுக்குத் தெரியுது தம்பி. அவ்வளவு பக்கம். அங்கே உட்கார்ந்தான். பொத்துன்னு உட்கார்ந்தான்.

நான் கோபப்படலை. பக்கத்துல போய், நம்ம மலையில சொல்ற மாதிரித்தான் சொன்னேன். "கிட்ட வந்தாச்சு குழந்தை, இதோ ஆச்சு, இதோ கொடி தெரியுது பாரு. மேலே போயிட்டா எல்லாம் சரியாயிடும்." அவன் கொடியைப் பார்க்கலை. என்னைப் பார்க்கிறான். யாரோ எவரோ மாதிரிப் பார்க்கிறான். தோளைப் பிடிச்சுத் தூக்கினேன். எழுந்தான். எழுந்து ரெண்டு எட்டு வெச்சான். அப்ப ரிக்கு மேலே இருந்து ஓடி வந்தான்.

வந்தவன் என்கிட்டக் கேட்கலை. என்னை ஒரு தள்ளு தள்ளிட்டு நேரா அவன் முன்னாடி மண்டிபோட்டான். இத்தனை நாள் என் வாய் வழியாப் பேசினவன், அன்னிக்குக் கையால பேசுறான். தன் தலையைத் தட்டிக் காட்டிப் புருவத்தைத் தூக்கினான். வலிக்குதான்னு. இவன் தலையை ஆட்டினான். ரிக்கு விரலை ஒண்ணொண்ணா நீட்டினான். எத்தனை நாளான்னு. இவன் மெதுவாக் கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டுறான்.

நாலு விரல்! நாலு நாளா வலிக்குதாம்! எல்லாரும் பார்த்துட்டு நிக்கிறாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா? எவனோ ஒரு ரிக்குகிட்ட, பேரு கூடச் சரியாத் தெரியாதவன்கிட்ட, நாலு விரலைக் காட்டுறான். வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்க. "ஏன்டா, என்கிட்ட ஏன் சொல்லலை?"ன்னு கத்தினேன். திருமூர்த்திதான் பேசினான். "சொல்லப்படாதுன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க."

அதோட விட்டானா ரிக்கு? பனியில கால் விரலால ஒரு கோடு போட்டு, அது மேல குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி நடந்து காட்டினான். நீ நடன்னு சைகை காட்டினான். குழந்தைவேல் ரெண்டாவது அடியிலேயே வாழைமரம் மாதிரிச் சாய்ஞ்சான். ரிக்கு கீழே கையைக் காட்டினான். இறங்கணும். இப்பவே.

நான் சொன்னேன், இந்தியிலயும் சொன்னேன், தமிழ்லயும் சொன்னேன்: கொடி இதோ தெரியுது, தூக்கிட்டாச்சும் போய்த் தாண்டிடலாம், அந்தப் பக்கம் இறங்கினா ஒரே இறக்கம். ரிக்கு என் முகத்தைக் கூடப் பார்க்கலை. அவனைத் தூக்கி முதுகுல போட்டுத் துணியால கட்டிக்கிட்டான். போயிட்டான். பால் கேனைத் தூக்கிட்டுப் போற மாதிரி இறங்கிப் போயிட்டான்.

"போகட்டும். வாங்க, நாம போலாம்"னேன்.

யாரும் அசையலை தம்பி.

"என்ன பார்க்கிறீங்க? இன்னிக்குப் பௌர்ணமி. பாதியில திரும்பினவங்கன்னு பேர் வேணுமா?"

திருமூர்த்திதான் முதல்ல திரும்பினான். அவன் பின்னாடி இன்னொருத்தன். அப்புறம் எல்லாரும். எனக்குக் கீழே, அவங்க இறங்குற வழியில சரளைக்கல்லு உருள்ற சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு. ஒருத்தன் கூட 'நீங்களும் வாங்கண்ணா'ன்னு கூப்பிடலை. இல்லை, கூப்பிட்டான் ஒருத்தன். நான்தான் கேட்காத மாதிரி நின்னேன்.

போனேன். நான் மட்டும் போனேன். கழுதைக்காரங்களோட வந்த சமையக்கார ஆளு ஒருத்தன் கொஞ்ச தூரம் கூட வந்தான், அவனும் உட்கார்ந்துட்டான். கணவாயில நின்னேன் தம்பி. சத்தியமா நின்னேன். போனை எடுத்தா குளிருக்குச் செத்துக் கிடக்குது. படம் பிடிக்க ஒரு ஆள் இல்லை. பார்த்ததுக்கு ஒரு சாட்சி இல்லை. இன்னிக்கு வரைக்கும் நம்ம குழுவுல எவனும் நான் அங்கே நின்னதை நம்பலை. 'நமச்சிவாய'ன்னு கத்தினேன். காத்து அதை என் வாய்க்குள்ளயே திருப்பி அடைச்சுது. அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு கேட்கிறீங்களா? வெள்ளையா இருந்துச்சு. வேற என்ன இருக்கும்? இறங்கி வர்றப்ப எனக்கும் தலையைப் பிளக்கிற மாதிரி வலி. சொல்லலை. யார்கிட்டச் சொல்றது?

அவனைக் கழுதை மேலேயும் முதுகு மேலேயுமா மாத்தி மாத்திக் கொண்டுபோய், ஏதோ ஒரு ஊர்ல ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. மூளையில நீர் கோத்துக்கிச்சுன்னு டாக்டர் சொன்னாராம். இன்னும் கொஞ்சம் மேலே ஏத்தியிருந்தா பொணமாத்தான் இறக்கியிருப்பீங்கன்னாராம். டாக்டர்ங்கன்னா அப்படித்தான் சொல்லுவாங்க, பயமுறுத்தலைன்னா அவங்க பேச்சை யார் கேட்பா? அதான் பொழைச்சுக்கிட்டானே! பொழைச்சுக்கிட்டு ஊருக்கும் வந்துட்டான். ஒரு கால் மட்டும் சொன்னபடி கேட்கலையாம். பேச்சு கொஞ்சம் இழுக்குதாம். கேள்விப்பட்டதுதான். நான் போய்ப் பார்க்கலை.

ஏன் பார்க்கலைன்னா? முறை இருக்கு தம்பி. கெட்டது யாருக்கு? அவனுக்குக் காலோட போச்சு. எனக்குப் பேரே போச்சு. அவன்தான் வந்து, 'அண்ணா, உங்ககிட்டச் சொல்லாம மறைச்சது என் தப்பு'ன்னு சொல்லணும். அதுதானே நியாயம்?

சுலோச்சனா ஒரு நாள் கோயில் வாசல்லயே என்னை நிறுத்திக் கேட்டா. "ஏனுங் மாமா, அவரு சொல்லலை, சொல்லலைங்கிறீங்க. நீங்க கேட்டீங்களா?" பொம்பளைகிட்ட என்ன பேச? வந்துட்டேன். ஊட்டுக்கு வந்தா ருக்குமணி அதே பல்லவி. "போய் ஒரே ஒரு தடவை, எப்படி இருக்கேன்னு அவனைக் கேட்டுட்டு வாங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும்." முடியாதுன்னேன். தை மாசம் தங்கச்சிக்கு ஒத்தாசைன்னு அங்கே போனா. இன்னும் வரலை. நானே சோறாக்கித் தின்னுட்டு இருக்கேன். என்ன கெட்டுப்போச்சு? ஒரு வார்த்தைக்காக ஊட்டை விட்டுப் போறவ போகட்டும்.

இன்னிக்குத் தெரிஞ்சுடும் தம்பி. குழு வரட்டும். என்னை முன்னாடி விட்டு ஏறினாங்கன்னா அன்னிக்குப் பண்ணினது தப்புன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் ருக்குமணியும் தானா வருவா.

அதோ. வேன் சத்தம் கேட்குதுங்களா? நான் சொன்னேன்ல! அதுதான், அந்த வெள்ளை வேன். பச்சைத் துண்டு போட்டுட்டு முதல்ல இறங்குறவன்தான் திருமூர்த்தி. வயிறு இன்னும் குறையலை பாருங்க. எல்லாரும் வந்திருக்காங்க. அது யாரு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கடைசியா இறங்குறது?

அவன்தான்.

அவன் எதுக்கு வந்தான்? ஏறப்போறானா? இல்லை. கால்ல செருப்பு இருக்குது பாருங்க. ஏறுறவன் செருப்பை வேன்லயே விட்டிருப்பான். வழியனுப்ப வந்திருக்கான் போல. இல்லைன்னா எல்லாரும் பார்க்கட்டும்னு வந்திருக்கான், பார்த்துப் பரிதாபப்படட்டும்னு.

நீங்க எழுந்திருக்காதீங்க. நானும் எழுந்திருக்கமாட்டேன். அவங்க வரட்டும்.

வாய்யா திருமூர்த்தி, வா. என்ன இவ்வளவு நேரம்? வெயில் தாழ்ந்தாச்சு, இனிக் கிளம்பலாமில்ல?

கேட்டீங்களா தம்பி? "எப்பங்ணா வந்தீங்க, சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டுட்டு நிக்காமப் போறான். பரவாயில்லை, கோயில்ல தீபாராதனை ஆகிற நேரம், அதான் அவசரம். கும்பிட்டுட்டுத் திரும்பி வருவான். பின்னாடி வர்றவன் கும்பிடு போடுறான், பாருங்க, மரியாதை இருக்குது. அடுத்தவன் தலையைக் குனிஞ்சுட்டுப் போறான். அவன் எப்பவும் அப்படித்தான்.

கோயிலுக்குப் போகலையே. படிக்கட்டுக்கு இல்ல போறாங்க! யார் முன்னாடி போறது? திருமூர்த்தியா? பேக்கரிக்காரன் பின்னாடியா ஏழு மலையும் ஏறப்போறாங்க? ஏய்! யாரு உங்களுக்கு முதல் கற்பூரம் ஏத்தறது? ஏய் திருமூர்த்தி!

நீங்க எங்கே தம்பி கிளம்பிட்டீங்க? டீ அப்படியே இருக்குது. என்ன கேட்டீங்க? 'அவர்கிட்ட ஒரு தடவை கேட்டாத்தான் என்னங்க'வா? அட, இத்தனை நேரம் கதை சொன்னேனே, நீங்க என்னத்தைக் கேட்டீங்க? போங்க. நீங்களும் அந்தக் கூட்டத்தோடயே போங்க. பை பெருசு, அவங்ககிட்டக் குடுத்தா ஆளுக்குக் கொஞ்சமாத் தூக்குவாங்க. நல்ல பசங்கதான். நான் பழக்கின பசங்க.

என்ன, நீ போகலியா?

உன்னைத்தான் குழந்தை. எல்லாரும் போயாச்சு, நீ ஏன் இங்கே வந்து நிக்கிறே?

எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். மோட்டார் சீசன், கடையில கூட்டம். சாப்பாடா? நானே ஆக்கிக்கிறேன். நல்லா இருக்கேன்னு சொன்னேனே, இன்னொரு தடவை கேட்கிறே?

டீ குடிக்கிறியா? வேண்டாமா. சரி.

ருக்குமணி ஏதாச்சும் சொல்லிவிட்டாளா? ஒண்ணும் சொல்லலியா. நான் இங்கே இருப்பேன்னு சொன்னாளா? அப்ப நீ என்னைப் பார்க்கத்தான் வந்தியா, அவ்வளவு தூரம்?

பார்த்தாச்சில்ல.

இன்னும் என்ன நிக்கிறே? பேச்சுதான் இழுக்குதுன்னாங்க, நல்லாத்தானே பேசறே. என்ன எதிர்பார்த்து நிக்கிறேன்னு எனக்குத் தெரியாதா? அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சொல்லிக் குடுத்து அனுப்பியிருப்பாங்க. போய் முன்னாடி நில்லு, தானாக் கேட்பாருன்னு. அப்படித்தானே? இல்லையா? சும்மாதான் வந்தியா? சும்மா யாராச்சும் வருவாங்களா இந்தக் காலை வெச்சுக்கிட்டு?

எப்படி...

எப்படி வந்தே? வேன்லயா? ஆமா, வேன்லதான், நான்தான் பார்த்தேனே. இடம் இருந்துச்சா? முன்சீட்டா? முன்சீட் நான் உட்கார்ந்து வர்ற இடம். பரவாயில்லை, யாராச்சும் உட்கார வேண்டியதுதானே.

மேகம் கட்டுது. மழை வந்தாலும் வரும். சறுக்கும் மேலே.

சரி, கிளம்பு. வேன்காரன் பார்த்துட்டு இருக்கான். கிளம்புன்னா உடனே கிளம்பிடுவியா? "சரிங்ணா"வா? இன்னும் அதேதானா? போ.

மெதுவாப் போ. அங்கே ஒரு படி இருக்குது. குழந்தை, வலப்பக்கம் படி உடைஞ்சு கிடக்குது. உடைஞ்சு கிடக்குதுன்னு சொல்றேன்ல! அந்தக் காலை முதல்ல வெக்காதே.

காதுலயே வாங்காமப் போறான் பாரு.